இருபத்தாறில் நிற்காத அறை

என் கணவருக்கு வெயில் ஆகாது. இப்படிச் சொன்னால் அவரைச் சொகுசாக வளர்ந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். நில அளவைத் துறையில் இருபத்திரண்டு வருடம் வயல் வரப்பிலும் பொட்டல் காட்டிலும் நின்று வேலை பார்த்தவர் அவர். தலையில் ஒரு துண்டு இருந்தால் போதும் என்பார். நாற்பத்தொன்பதாவது வயதில் நரம்பு நோய் வந்தது. வயரின் மேல் இருக்கும் உறை அங்கங்கே தேய்ந்துபோவதைப் போல நரம்பின் மேலுறை தேய்கிறது என்று மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். உடம்பில் சூடு கொஞ்சம் ஏறினாலும் மூளையிலிருந்து கிளம்புகிற சேதி கால் வரைக்கும் போய்ச் சேராது. கால் துவளும், பார்வை மங்கும், நாக்கு தடிக்கும். உடம்பு குளிர்ந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"அறை இருபத்தாறு டிகிரியைத் தாண்டாமப் பாத்துக்கோங்க. மாத்திரை மாதிரின்னு வச்சுக்கோங்க" என்றார் மருத்துவர்.

அதற்காகத்தான் தச்சநல்லூர் வீட்டில் எங்கள் படுக்கையறைக்கு ஏசி போட்டோம். அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். நான் சேரன்மகாதேவியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் திரும்பி வர ஐந்தரை ஆகும். சமையலுக்கு வரும் அம்மா பதினொரு மணிக்குப் போய்விடுவாள். அதன்பிறகு நான் வரும் வரை அவருக்குத் துணை அந்த இயந்திரம்தான்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாவது கோடையில், பங்குனி பிறந்த வாரத்தில், ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். தலையணை நனைந்திருந்தது. ஏசியின் முகப்பில் இருபத்துநான்கு என்று பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

"ஏசி ஓடலையா?" என்றேன்.

"ஓடத்தான் செய்யுது. குளிரத்தான் மாட்டேங்கு" என்றார். நாக்கு தடித்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

முகப்பில் எரிவது நாம் கேட்ட குளிர். அறையில் இருக்கிற குளிர் அல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தால் இயந்திரம் நேருக்கு நேராகப் பொய் சொல்வது போலிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். அரைமணி நேரத்தில் அறை குளிர்ந்துவிட்டது. தூசிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அன்று அறை குளிர்ந்தது வடிகட்டியால் அல்ல, பொழுது சாய்ந்ததால்.

மறுநாளும் அதே கதை. அடுத்த தெருவில் இருக்கும் மெக்கானிக்கை வரச் சொன்னேன். நான் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதால் காலை ஆறரைக்கே வந்தார். வெளியே இருக்கும் யூனிட்டையும் உள்ளே இருப்பதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்.

"நல்லாத்தான ஓடுது டீச்சர். கைய வச்சுப் பாருங்க, ஐஸ் மாதிரி வருது" என்றார்.

கையை வைத்துப் பார்த்தேன். ஐஸ் மாதிரிதான் வந்தது.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தார். "கேஸ் கொறஞ்சிருக்கும்" என்று ஏற்றினார். பிறகு இன்னொரு முறையும் ஏற்றினார். அதற்குப்பின் நிலைமை இன்னும் மோசமானது. நடுவில் இயந்திரம் தானாகவே நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே கிளம்ப ஆரம்பித்தது. கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அங்கிருந்து வந்தவர் ஒருநாள் சென்சாரை மாற்றினார், இன்னொரு நாள் போர்டை மாற்றினார். இரண்டு முறையும் அவர் வந்தது மாலை ஆறு மணிக்குமேல். இரண்டு முறையும் அறை நன்றாகக் குளிர்ந்தது. மின்சாரம் குறைவாக வருகிறதோ என்று ஸ்டெபிலைசரும் வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொருவரும் போகும்போது "இனிமே பிரச்சினை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் மாலை கதவைத் திறக்கும்போது என் கை முதலில் போவது அவருடைய நெற்றிக்கு.

நான் களைத்துப் போயிருந்தேன். பங்குனி முழுவதும் தேர்வு வேலை. இரண்டு பேருந்து மாறிப் போய், நின்றுகொண்டே பாடம் நடத்தி, இரண்டு பேருந்து மாறி வந்து, பிறகு மெக்கானிக்குக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் வந்தால் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், போனபின் தரையைத் துடைக்க வேண்டும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் "புது ஏசி வாங்கிருங்கம்மா" என்றாள். என்ன கோளாறு என்றே தெரியாதபோது புதியது மட்டும் ஏன் நன்றாக ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதை விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் "பாப்போம்" என்று வைத்துவிட்டேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் வழக்கம்போல அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை செய்தேன். தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொண்டு பேருந்து ஏறினேன். வீடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. குளியலறை வாசலில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவர் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. அடி ஒன்றும் படவில்லை. கால் துவண்டு விழுந்தவருக்குத் திரும்ப எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"ஏளா, நீ ஏன் வந்தே? தரை நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்றார்.

ஈரத்துண்டால் அவரைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். காலுக்குத் தெம்பு திரும்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு பைய எழுந்து கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்தேன். கட்டில் தலைமாட்டில் அதைத் தொங்கவிட்டு, ஒரு நோட்டில் கட்டம் போட்டு அவரிடம் கொடுத்தேன். மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். எந்த நேரத்தில் சூடு ஏறுகிறது என்று தெரிந்தால் காரணம் பிடிபடும் என்று சொன்னேன். அளப்பதும் எழுதுவதும் அவர் தொழில். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

மாலையில் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் இருபத்தாறு. அதற்கு மறுநாளும் அப்படியே. அறை சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "நீதான் பாக்கியே, எழுதிருக்குல்லா" என்றார். மூன்றாம் நாளும் இருபத்தாறு. தேர்வு வேலையால் நான் வீடு திரும்ப ஆறு மணி தாண்டியது. நான் நம்பினேன். நம்புவது அப்போது எனக்கு எளிதாக இருந்தது. அந்த மூன்று நாளும் பள்ளியில் போனை அதிகம் எடுத்துப் பார்க்காமல் இருந்தேன்.

நாலாம் நாள் மாலை அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். காலை ஒன்பது மணிக்கு நேராக இருந்த இருபத்தாறு அச்சடித்தது போல இருந்தது. நில அளவைப் புலப்படங்களில் எண் எழுதிப் பழகிய கை அது. பன்னிரண்டு மணிக்கு நேராக ஆறின் சுழி மூடாமல் விட்டிருந்தது. ஒரு மணிக்கு எழுத்து சாய்ந்திருந்தது. இரண்டு மணியின் இருபத்தாறு கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது. மூன்று மணிக்கு இரண்டும் ஆறும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, பேனா தாளைக் கிழித்திருந்தது. ஆறு மணிக்கு மறுபடியும் அச்சு.

நோட்டை அவர் முன்னால் நீட்டினேன். "இது எல்லாம் இருபத்தாறா?"

அவர் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மத்தியானம் எவ்வளவு இருந்துச்சு?"

"முப்பத்தொண்ணு."

"ஏன் பொய் எழுதினீங்க?"

"இருபத்தாறுன்னு இருந்தா நீ அங்கன நிம்மதியா பாடம் எடுப்பேல்லா" என்றார். முகத்தைத் திருப்பாமலே, "நேத்து பஸ்ஸுலயே ஒறங்கி, எறங்க வேண்டிய எடத்த விட்டு வண்ணாரப்பேட்ட வரை போயிட்டேன்னு சொன்னியே" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சென்ட் நிலத்தைக்கூட மாற்றி எழுதாதவர். அதிகாரி சொன்னபோதும், கட்சிக்காரர்கள் வந்து நின்றபோதும் எழுதாதவர். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டும். நோட்டை மூடி வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனேன்.

ஆனாலும் அந்தப் பொய்க் கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டது. பன்னிரண்டு மணி வாக்கில் தொடங்கி ஆறு மணிக்குள் முடிகிறது கோளாறு. எந்த மெக்கானிக்கும் அந்த நேரத்தில் வந்ததில்லை. வரச் சொன்னதும் இல்லை, எனக்குத் தோதான நேரத்துக்குத்தானே எல்லோரையும் கூப்பிட்டேன்.

கோடை விடுமுறை விட்டதும் என்னோடு வேலை பார்க்கும் மேலப்பாளையத்து ஆசிரியை, நம்பிக் கூப்பிடலாம் என்று தன் ஊர்க்காரர் ஒருவரைச் சொன்னார். சவுதியில், தம்மாமில் பதினெட்டு வருடம் ஏசி வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவராம். போன் செய்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"ரெண்டு மணிக்கா? எல்லாரும் வெயிலுக்கு முந்தி வாங்கன்னுல்லா சொல்லுவாங்க" என்றார்.

"அந்த நேரத்துலதான் கோளாறு வருது."

"அப்ப அந்த நேரத்துக்கே வருதேன் டீச்சர்" என்றார். சொன்னபடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைத் தாடி, தோளில் ஒரு பை. அறைக்குள் வந்து என் கணவருக்கு ஸலாம் சொல்வது போலக் கையை உயர்த்திவிட்டு, ஏசியின் கீழே உள்ளங்கையை நீட்டி ஒரு நிமிடம் நின்றார். எதையும் கழற்றவில்லை.

"வெளி யூனிட் எங்கன இருக்கு?"

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு முடுக்கு உண்டு. அதில்தான் யூனிட் சுவரில் மாட்டியிருந்தது. பின்கதவைத் திறந்தால்தான் அங்கே போக முடியும். காலையிலோ மாலையிலோ மெக்கானிக்குக்காகத் திறந்ததோடு சரி, கோடை மத்தியானத்தில் அந்தக் கதவை நாங்கள் திறப்பதேயில்லை. அன்று திறந்ததும், நெல் அவிக்கும் அண்டாவின் மூடியைத் தூக்கியது போல அனல் முகத்தில் அடித்தது. நான் பின்வாங்கினேன். அவர் உள்ளே போய் மேலே பார்த்தார்.

"இந்தத் தகரம் எப்ப போட்டது?"

போன ஐப்பசியில் போட்டது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். சரக்குப் பெட்டிகளை அந்த முடுக்கில் அவர் பாகத்தில் அடுக்கி வைப்பார். மழைத் தண்ணீர் விழுகிறது என்று முடுக்குக்குமேல் தகரம் போட என்னிடம்தான் வந்து கேட்டார். நான் பள்ளிப் பையோடு வாசலில் நின்றபடி, "போடுங்க அண்ணாச்சி, எங்க சுவருக்கும் ஈரம் வராது" என்றேன். ஏசி யூனிட் அங்கே இருப்பது என் நினைவில் வரவேயில்லை. ஐப்பசியிலிருந்து மாசி வரை கோளாறு ஒன்றும் தெரியவில்லை. ஏசிக்கு அப்போது அதிக வேலை கிடையாது. முதலில் வந்த மெக்கானிக்கும்கூட "மழைக்கு மேல மூடிருக்கீங்க, நல்லது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மேலப்பாளையத்துக்காரர் ஓர் ஊதுபத்தி கேட்டார். பூஜை அலமாரியிலிருந்து எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். யூனிட்டின் முன்னால் அதைப் பிடித்தார். புகை எதிரே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் மோதி மேலே போயிற்று. தகரத்தில் தட்டி, போக வழியில்லாமல் சுருண்டு, சுவரை ஒட்டிக் கீழே இறங்கி, யூனிட்டின் முதுகுப்பக்கமாக உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களா டீச்சர். இது தான் விட்ட மூச்ச தானே இழுக்குது. எப்படிப் பொழைக்கும்?" என்றார்.

தலைமாட்டு வெப்பமானியைக் கொண்டுவந்து அங்கே பிடித்தேன். ஐம்பத்துமூன்று காட்டியது. தெருவில் நாற்பதுகூட இருக்காது.

பதினோராம் வகுப்புக்கு வெப்ப இயக்கவியல் எடுக்கும்போது குளிர்பதனப் பெட்டியைப் படம் போட்டு நான் விளக்குவதுண்டு. குளிரை யாரும் உண்டாக்குவதில்லை. இங்கேயிருக்கும் வெப்பத்தை எடுத்து அங்கே கொட்டுகிறோம். அங்கே கொட்ட இடமிருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதைச் சொல்லி வந்திருக்கிறேன். இரண்டு மாதமாக அந்த அறைக்குள்ளேயே ஸ்டூல் போட்டு ஏறி இறங்கினேனே தவிர, மத்தியான நேரத்தில் பின்கதவைத் திறந்து வெப்பம் எங்கே போய்க் கொட்டுகிறது என்று ஒருமுறை பார்க்கவில்லை. முடுக்கிலிருந்து வெளியே வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவங்களுக்குத்தான் இது தெரியாமப் போவும். தம்மாம்ல பெரிய பெரிய எஞ்சினியரே இதுல மாட்டிருக்காங்க" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

பிறகு அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் குறையவே இல்லை, அளவுக்குமேல் இருக்கிறது என்றார். அந்தச் சூட்டில் கேஸும் கூடிப்போனால் அழுத்தம் தாங்காமல் இயந்திரம் தானாக நிற்கத்தான் செய்யும் என்றார். கூடுதலாக இருந்ததை எடுத்தார். "தகரத்தையும் பெட்டியையும் எடுக்கணும். இல்லன்னா யூனிட்ட மொட்டமாடிக்குத் தூக்கணும். மாடியில வெயில் படலாம், பாதகமில்ல. காத்த மட்டும் அடைக்கப்படாது" என்றார்.

அண்ணாச்சி மூன்று மணி வாக்கில் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வருவார். போய்ச் சொன்னேன்.

"தகரத்த எடுத்தா சரக்க எங்கன வைக்க? வீட்டுக்குள்ள ஏற்கெனவே கால் வைக்க எடமில்ல" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஒரு நிமிஷம் வந்து பாருங்க அண்ணாச்சி" என்றேன். வந்தார். முடுக்குக்குள் போய் நின்றார். அரை நிமிடத்தில் சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். நான் கூப்பிடாமலே, எங்கள் வீட்டுக்குள் நுழைந்து படுக்கையறைக்குப் போனார். ஒரே சுவர்தான் நடுவில், ஆனால் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு வருடத்துக்குமேல் இருக்கும். தெருவில் பார்த்தால் தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்பார், நல்லா இருக்காங்க என்பேன்.

கட்டிலில் என் கணவர் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தார். எழுந்து உட்காரப் பார்த்தார். கை சறுக்கியது. அண்ணாச்சி ஓடிப்போய்த் தோளைத் தாங்கினார்.

"தம்பி, சொல்லிருக்கலாம்லா."

"சொல்லதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி" என்றார் இவர், குழறலோடு. "தகரத்தால வந்துச்சுன்னு எங்களுக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

"அதச் சொல்லல வே" என்றார் அண்ணாச்சி.

அன்று பொழுது இறங்குமுன் அவரே ஏணி வைத்து ஏறித் தகரத்தைக் கழற்றினார். யூனிட்டை மாடிக்கு மாற்றும் வரை பெட்டிகளை வீட்டுக்குள் ஏற்றி வைத்துக்கொண்டார். நாலு நாளில் மேலப்பாளையத்துக்காரர் குழாயை நீட்டி, யூனிட்டை மொட்டைமாடியில் இரும்புச் சட்டத்தின்மேல் உட்காரவைத்தார். அதன்பிறகு அண்ணாச்சி தகரத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நான்தான் போடச் சொன்னேன்.

யூனிட் மாடிக்குப் போன மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு அறை இருபத்தைந்தரை. மூன்று மணிக்கும் இருபத்தைந்தரை. நானே பார்த்தேன். அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரை போய், ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். எனக்கு ஏதாவது சந்தோஷம் தோன்றும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தேன். கண் விழித்தபோது விளக்குப் போட்டிருந்தது, என்மேல் ஒரு போர்வை இருந்தது. குனிந்து போர்த்திவிட்டு அவர் எப்படி நிமிர்ந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஏசி இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நோய் அதன் போக்கில் போகிறது. ஆடி பிறந்தபோது, குளிர்ந்த அறையிலேயே அவருக்குப் பிடித்து நடக்க நடைச்சட்டம் தேவைப்பட்டது. முன்பெல்லாம் குளிர்ந்தால் முழுக்கத் திரும்பும் கால் இப்போது முக்கால் பங்குதான் திரும்புகிறது. மருத்துவர் மருந்தை மாற்றியிருக்கிறார், இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

அண்ணாச்சி இப்போது சாப்பிட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, ஐந்து மணிக்குக் கடை திறக்கப் போகும் வரை அறையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுச் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்திருக்கிறோம். துணைக்கு வருகிறேன் என்று அவர் சொன்னதில்லை. "இங்கன குளுமையா இருக்கு" என்று சொல்லித்தான் வருகிறார். வந்த கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவாராம்.

"குறட்டன்னா குறட்ட, உனக்கு அங்கன கேக்கலையா" என்றார் என் கணவர் நேற்றுப் போனில். ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தேன். மணி அடித்துவிட்டது. வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.